தோற்கத் தெரியாத ஸ்மகூல்

அத்தியாயம் 9

பன்னிரண்டு வாரமாக ஸ்மகூல் கிழவர் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

கப்சகாய் ஏரிக்கரையில் 'நீலக் குதிரை' காஸினோ. வெள்ளிக்கிழமை மதியம், ஆறாம் மேஜை, ரூலெட். வாராவாரம் அவர் வென்றதாக முத்திரை குத்திய அத்தாட்சி ஒன்று வெளியே வந்துகொண்டிருந்தது. கிழவர் மட்டும் வெளியே வரவில்லை. வீட்டுக்குத் திரும்பவில்லை, மகளுக்குப் போன் செய்யவில்லை, பென்ஷன் வாங்கவும் போகவில்லை.

மகள் ஸவ்ரேஷ் போலீஸில் போய் அழுதபோது, அங்கிருந்தவர் காஸினோ கொடுத்த பட்டியலைத் திருப்பிக் காட்டிச் சிரித்தாராம்.

"ஜெயிச்சுக்கிட்டு இருக்கிறவன் எப்படிம்மா காணாமப் போவான்? தோத்தவன்தான் காணாமப் போவான். போய் வேலையைப் பாரு."

வேலையைப் பார்க்க அவள் போகவில்லை. சீன எல்லையில் லாரிகளுக்கு எடை போடும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நேராகத் துரார் பெய்செனோவிச்சிடம் வந்துவிட்டாள். துரார் அறுபது தாண்டியவர், நிதிக் குற்றப் பிரிவில் முப்பது வருஷம் இருந்து, யார் காலிலும் விழத் தெரியாததால் பதவி உயர்வு இல்லாமலே ஓய்வு பெற்றவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். எல்லோருக்கும் அவர் 'அகா', பெரிய அண்ணன். அவருக்கு உதவியாள் ஆர்காதி நோகாய். உஷ்தொபே ஊர்க் கொரியன். வாய் மட்டும் எட்டு ஊருக்கு நீளும்.

அந்த ஆர்காதிதான் இப்போது நெடுஞ்சாலை ஓரத்து சம்சா கடையில் லூடா எதிரே நின்றிருந்தான். அவன் 'நீலக் குதிரை'யில் ஐந்து வருஷம் மேஜை டீலராகப் பந்தயச் சில்லு தள்ளியவன். லூடா இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறாள், அதே ஆறாம் மேஜையில்.

"நான் எதையும் பாக்கல, ஆர்காஷா. என்னை எதுவும் கேக்காத" என்றாள், சூடான சம்சாவை ஊதியபடி.

"நீ எதையும் பாக்க வேணாம். நான் சாப்பாட்டு விஷயம்தான் கேக்கிறேன். வெள்ளிக்கிழமை டிப்ஸ் பெட்டில எவ்வளவு விழுது?"

லூடாவுக்குச் சட்டென்று முகம் சிவந்தது.

"அதை ஏன் கேக்கிற! வெள்ளிக்கிழமை மத்தியான ஷிஃப்ட் போட்டாலே எனக்கு வயிறு எரியுது. ஒரு சில்லு விழாது. மூணு மாசமா ஒத்தைச் சில்லு விழல. பொண்ணுக்கு பூட்ஸ் வாங்கணும், குளிர் வந்துடுச்சு."

"ஒத்தைச் சில்லுகூடவா?"

"ஒத்தைச் சில்லுகூட!"

ஆர்காதி அவளுடைய சம்சாவுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற பழைய நிவா காருக்கு ஓடினான். முன்சீட்டில் துரார் காய்ந்த தயிர் உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் ஸவ்ரேஷ்.

"அகா, அந்த நாற்காலியில எவனும் உக்காரல."

"லூடா சொன்னாளா?"

"அவ சொல்லல. அவளுக்கே தெரியாது, சொல்லிட்டோம்னு. ஜெயிச்சவன் டீலருக்கு டிப்ஸ் வைக்காம எந்திரிக்க மாட்டான், அகா. மகா கஞ்சன்கூட வைப்பான், ராசி போயிடும்னு பயம். அஞ்சு வருஷத்துல நான் ஒருத்தனையும் பாத்ததில்ல. இந்தக் கிழவர் பன்னிரண்டு வாரம் மலை மலையா ஜெயிச்சு ஒத்தைச் சில்லு வைக்கல. அப்போ ஆடினது மனுஷன் இல்ல. அவரோட அடையாள அட்டை."

துரார் உருண்டையை அடுத்த கன்னத்துக்கு மாற்றினார். பாராட்டுவதற்கு அவர் அதற்கு மேல் எதுவும் செய்வதில்லை.

"அப்போ எங்கப்பா அங்க போகவே இல்லையா?" என்றாள் ஸவ்ரேஷ்.

"பேரு மட்டும்தான்மா போகுது" என்றார் துரார். "மூணு நாட்டுக் கிழவன் கிழவியைப் போன்ல மிரட்டி உருவின காசு இருக்கு. ஓம்ஸ்க்ல பள்ளிக்கூடப் பசங்களுக்குப் போதைப் பொடி வித்த காசு இருக்கு. அதெல்லாம் மூட்டையா இங்க வரும். மூட்டைக்குச் சில்லு வாங்குவாங்க. அந்தச் சில்லை உங்கப்பா ஜெயிச்சதா எழுதிக் காசாக்குவாங்க. காசு ஜெயிச்ச காசாயிடும். அப்புறம் துபாய், சைப்ரஸ், வீடு, கப்பல். கேட்டா, எல்லாம் ஸ்மகூல் அதிர்ஷ்டம்."

ஆர்காதி கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். அந்த மூட்டைகளை அவன் பார்த்திருக்கிறான். குழந்தைத் துணிப் பொட்டலம், மாவுச் சாக்கு, ஒரு தடவை பிறந்தநாள் கேக் பெட்டி. சில்லை எண்ணித் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியும் இருக்கிறான். நினைத்தாலே வாய்க்குள் கசந்தது. கிழவிகளிடம் திருடியதைக் கழுவ ஒரு கிழவன் பெயரையே பிடித்திருக்கிறார்கள் பார், காறித் துப்பினால் எச்சிலுக்குத்தான் கேவலம்.

"ரெண்டு வழிதான் இருக்கு" என்றார் துரார். "உங்கப்பா அட்டையை வித்துட்டு எங்கயாவது ஒளிஞ்சிருக்கணும். இல்லைன்னா..."

"சொல்லுங்க அகா."

"இல்லைன்னா செத்துப் போயிருக்கணும்."

ஸவ்ரேஷ் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். "எனக்கு ரெண்டுல எதுன்னு தெரிஞ்சா போதும். உயிரோட இருந்தா வாய் வலிக்கத் திட்டணும். இல்லைன்னா அழணும். ரெண்டும் செய்ய முடியாம பன்னிரண்டு வாரம் ஓட்டிட்டேன். தம்பி பெய்பித்துக்குத் தெரியும். என்கிட்ட சொல்ல மாட்டேங்கிறான்."

தம்பி பெய்பித் காலையிலேயே துராருக்குப் போன் செய்திருந்தான். ஊருக்கு வந்துவிட்டு எங்கள் வீட்டில் கை நனைக்காமல் போனால் எங்களுக்கு என்ன மரியாதை, ஆடு அடித்தாயிற்று என்றான். ஆடு அடித்தாயிற்று என்று சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியாது.

"அகா, இன்னிக்காவது எனக்கு ஆட்டுத்தலை உண்டா?" என்றான் ஆர்காதி, காரை எடுத்தபடி.

"உஷ்தொபே சந்தையில உங்கப்பன் குத்துக்கல்லாட்டம் உக்காந்து காரட் ஊறுகாய் விக்கிறான். அப்பன் உசுரோட இருக்கிறவன் தலையில கத்தி வைக்கக் கூடாது. போன மாசம் கைல வாங்கின அடி மறந்துடுச்சா?"

"உங்க ஊர்ல அனாதைங்களுக்குத்தான் நல்ல கறி கிடைக்குது."

"வாயை மூடிட்டு ரோட்டைப் பாரு."

பெய்பித் வீட்டுக்கு இரும்புக் கேட் புதுசு. கேட்டில் தங்க நிறத்தில் இரண்டு சிங்கங்கள். கூரையும் புதுசு. பின்னால், கிழவரின் பழைய மரப்படகு கவிழ்த்துப் போடப்பட்டு அதன்மேல் சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஸவ்ரேஷ் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே விருந்துத் துணி விரித்து, அதைச் சுற்றி எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெய்பித்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், கன்னமெல்லாம் எண்ணெய் பளபளப்பு. அவன் பக்கத்தில் ஸ்தெபான் லாரின். 'நீலக் குதிரை'யின் பாதுகாப்பு அதிகாரி என்று அவனுக்குப் பெயர். மூட்டைகள் வந்து சேர்வதைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் காக்கும் பாதுகாப்பு. சொந்த ஊர் எது என்று யாருக்கும் தெரியாது, பாஸ்போர்ட் மட்டும் நாலு.

"அடடே, ஆர்காஷா! வேலையை விட்டுட்டு நாய் வளக்கிறியாம்னு கேள்விப்பட்டேன்" என்றான் லாரின்.

"இல்லீங்க, மோப்பம் மட்டும்தான் பிடிக்கிறேன்."

லாரின் சிரித்தான். ஈரக் காகிதம் ஒன்றை உருவி ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அப்படித் துடைத்தான். துடைத்த காகிதங்களை ரொட்டித் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே வந்தான். அந்தக் குவியலைப் பார்த்த பிறகு ஆர்காதிக்கு ரொட்டி இறங்கவில்லை.

"அக்கா வீணா மனசைக் குழப்பிக்கிறா, அகா" என்று பெய்பித் போனை நீட்டினான். "இதோ போன வாரம் எடுத்த வீடியோ. அப்பா ஜம்முனு இருக்காரு. பல்காஷ் பக்கம் ஒரு பொம்பளையோட இருக்காரு, வெக்கத்துல அக்காகிட்ட பேச மாட்டேங்கிறாரு."

வீடியோவில் ரூலெட் மேஜை. நரித்தோல் தொப்பி போட்ட ஒரு முதுகு.

"இது எங்கப்பா தொப்பி" என்றாள் ஸவ்ரேஷ்.

"தொப்பி அவரோடதுதான்" என்று ஆர்காதி முணுமுணுத்தான். துரார் முழங்கையால் அவனை இடித்தார்.

"பெத்தவங்க விஷயத்துல எனக்கும் மனசு தாங்காது" என்றான் லாரின். "எத்தனை தடவை நானே சொல்லியிருக்கேன், பெரியவரே, மகளுக்கு ஒரு போன் பண்ணுங்கன்னு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஸவ்ரேஷ் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெய்பித்தின் மனைவி எல்லோருக்கும் அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமாகப் பால் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். வந்ததிலிருந்து அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

லாரின் வோட்காவை உயர்த்தினான். "எல்லை இல்லாத நட்புக்கு! நம்ம தொழிலைப் பாருங்க, துரார் பெய்செனோவிச். சீனாக்காரன், ரஷ்யாக்காரன், துருக்கிக்காரன், எல்லாரும் ஒரே மேஜையில. எந்த அரசாங்கத்தால முடியும் இது?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்கும் பென்ஷன்தானே வருமானம்? ஒரு வெள்ளிக்கிழமை உங்களுக்கும் அதிர்ஷ்டம் அடிக்கலாமே. அட்டையை மட்டும் கொடுத்தா போதும். நீங்க வரக்கூட வேணாம்."

ஒரு மனுஷனை விலைக்குக் கேட்பதை, உப்பு வேண்டுமா என்று கேட்பது மாதிரி கேட்டான். ஆர்காதிக்கு அந்தக் காகிதக் குவியலை அள்ளி அவன் வாயில் திணிக்க வேண்டும்போல் கை பரபரத்தது.

"யோசிக்கிறேன்" என்றார் துரார், சாதுவாக.

லாரினுக்குச் சந்தோஷம். பெய்பித்துக்கு அதைவிடச் சந்தோஷம். அடுத்தடுத்து மூன்று கோப்பை இறக்கினான். கேஸ் முடிந்துவிட்டது என்று இருவர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. ஆர்காதி ஒரு கணம் துராரையே சந்தேகப்பட்டான். முப்பது வருஷம் விழாத கிழம் ஆட்டுக்கறி வாசனைக்கு விழுந்துவிட்டதா?

பெரிய தாம்பாளம் வந்தது. வெந்த தலை, மூக்கு துராரைப் பார்த்தபடி. மூத்த விருந்தாளி அவர்தான். உள்ளங்கைகளை விரித்து வீட்டை வாழ்த்தினார், முகத்தை வருடிக்கொண்டார், வலது கன்னத்தில் ஒரு துண்டு சீவி வாயில் போட்டுக்கொண்டார். காதை அறுத்து பெய்பித்தின் சின்ன மகளுக்குக் கொடுத்தார். பிறகு, தாம்பாளத்தைச் சாவகாசமாகத் திருப்பி, கத்தியின் பிடியைப் பெய்பித் பக்கம் நீட்டினார்.

"எனக்குக் கை நடுங்குதுப்பா. வீட்டுக்குப் பெரியவன் நீ. மீதியை நீயே வகிர்ந்து குடு."

பெய்பித் முகம் மலர்ந்தது. கத்தியை வாங்கி, தலையை இடக்கையால் பிடித்து, இடது கன்னத்தைப் பதமாகச் சீவினான். பழகிய கை. முதல் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

மனைவியின் கையிலிருந்த தேநீர்க் கெண்டி பாதியில் நின்றது.

ஆர்காதிக்கு விளங்க மூன்று விநாடி ஆயிற்று. விளங்கியதும் அவன் பார்வை தன்னுடைய கைக்குப் போனது, போன மாசம் துரார் அடித்த அதே கைக்கு. பெய்பித் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். முப்பத்தைந்து வருஷமாக எந்த விருந்திலும் தலையை நீட்டினால் "அப்பா இருக்காரு" என்று தள்ளி வைத்திருப்பான். பன்னிரண்டு வாரமாகத்தான் இந்த வீட்டுத் தாம்பாளம் அவன் முன்னால் இறங்கியிருக்கிறது. கை பழகிவிட்டது.

பணம் என்றால் பிணமும் வாயைத் திறக்கும் என்பார்கள். இங்கே பிணம் வாராவாரம் சூதாடி ஜெயித்திருக்கிறது.

"பெய்பித்" என்றாள் ஸவ்ரேஷ். குரல் உயரவே இல்லை. "தலையை வெட்டினியே."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். கத்தியைப் பார்த்தான். மெதுவாக அதைக் கீழே வைத்தான். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"என்ன ஆச்சு?" என்றான் லாரின், ஒவ்வொரு முகமாகப் பார்த்து. "கறி வேகலையா?"

ஸவ்ரேஷ் எழுந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டாள். அடிவயிற்றிலிருந்து ஒப்பாரிக் குரல் எடுத்தாள்.

*அலை அடிச்ச படகுல அசையாம நின்னவரே, என் அப்பா,*
*எந்தக் கரையில படுத்திருக்க, என்கிட்ட சொல்லலையே!*
*மண்ணு போட ஆளில்லையா, என் அப்பா,*
*மக ஒருத்தி இருந்தேனே, மறந்துதான் போனியே!*

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தத் தெருவில் அந்த ராகம் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு வீட்டிலிருந்து அது கிளம்பினால் என்ன ஏது என்று யாரும் போன் போட்டுக் கேட்பதில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வருவார்கள்.

"பாட்டை நிறுத்தச் சொல்லு!" என்று லாரின் பெய்பித்தின் தோளைக் குலுக்கினான். "பைத்தியமா இவளுக்கு? தெருவே கேக்குது!"

"தெரு கேக்கத்தான் பாடுறாங்க" என்றான் ஆர்காதி. "உங்க ஜெயிப்புக்காரர் செத்துட்டாருன்னு ஊருக்கு அறிவிப்பு. முத்திரையெல்லாம் கிடையாது. ஆனா இதை ரத்து பண்ண முடியாது."

லாரின் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தான். வாசல் அதற்குள் நிறைந்துவிட்டது. "ஓய் பவ்ரீம்! ஐயோ என் உடன்பிறப்பே!" என்று கதறியபடி பக்கத்து வீட்டுக்காரர்கள் சிங்கக் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எதிர்ப்பட்ட ஆண்களையெல்லாம் கட்டிக்கொண்டு அழுதார்கள். மீன் வாடை அடிக்கும் கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் லாரினையும் விடவில்லை, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டையெல்லாம் கண்ணீரும் மூக்குச் சளியுமாக அழுது தீர்த்தார். தெருவில் வரிசையாகக் கார்கள் வந்து நின்று அவன் காருக்கு வழியே இல்லாமல் போயிற்று.

அப்பன் செத்தால் மகன் வாசலில் நின்று வருகிறவர்களைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பெய்பித் எழுந்து, தடுமாறி, வாசலுக்குப் போய் நின்றான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. கால்கள் தாமாகப் போயின. துராரும் பின்னாலேயே போய் நிலைப்படியில் சாய்ந்துகொண்டார், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

லாரினை விட்டுவிட்டு அந்தப் பெரியவர் பெய்பித்தைத் தழுவிக்கொண்டார். பெயர் குர்மான். ஸ்மகூலோடு நாற்பது வருஷம் ஒரே படகில் வலை இழுத்தவர்.

"எப்போடா போனான்? குளிப்பாட்டியாச்சா? எங்க வெச்சிருக்க?"

பெய்பித்தின் கண் லாரினைத் தேடியது.

"கேக்கிறேன்ல. என் சிநேகிதனை எங்க வெச்சிருக்க?"

"மீன் கிடங்குல" என்றான் பெய்பித். "காஸினோ மீன் கிடங்கு. ஐஸ் ரூம். கெண்டைப் பெட்டிக்குப் பின்னால."

"எப்போலேர்ந்து?"

"ஆகஸ்ட்லேர்ந்து." உடனே அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நான் கொல்லல, மாமா! சத்தியமா கொல்லல! அவரோட அட்டையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். திருப்பிக் கொடுன்னு கேக்க காஸினோவுக்குப் போனாரு, படியிலேயே நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்துட்டாரு. புதைச்சா பதிவாயிடும், பதிவானா அட்டை செத்துடும்னு லாரின் சொன்னான். ஒரு மாசம்னுதான் சொன்னான்..."

குர்மான் அவன் தோளிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டார். கோட்டில் உள்ளங்கைகளைத் துடைத்தார். அவர் பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக அழுகையை நிறுத்தினார்கள். இதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு அசிங்கத்தின் முன்னால் எப்படி நிற்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவன் மட்டும் வேலி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான்.

உள்ளே ஒப்பாரி நின்றது. ஸவ்ரேஷ் வெளியே வந்தாள். தம்பியைத் தாண்டிப் போனாள், அவன் அங்கே நிற்கவே இல்லை என்பது மாதிரி. லாரின் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

"சாவி."

"என்ன சாவி? எனக்கு ஒண்ணும் தெரியாது. வக்கீல் இல்லாம நான்..."

அவள் கையை மடக்கவில்லை. முற்றத்தில் முப்பது பேர் இருந்தார்கள், பாதிப் பேர் ஸ்மகூலோடு கடல் போன்ற அந்த ஏரியில் வலை வீசியவர்கள். எல்லோரும் லாரினையே பார்த்தார்கள். துரார் இன்னொரு தயிர் உருண்டையைக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். லாரின் ஈரக் காகிதம் தேடிச் சட்டைப் பையைத் தடவினான், இல்லை. பிறகு கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு சாவிக் கொத்தை எடுத்து, அதிலிருந்து ஒன்றைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான்.

குர்மான் வீட்டுக்குள் போய், சிநேகிதனைச் சுற்றி எடுத்துவர, சுவரில் மாட்டியிருந்த கம்பளத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"சீக்கிரம் வண்டியை எடு, ஆர்காதி" என்றாள் ஸவ்ரேஷ். "எங்கப்பாவுக்குக் குளிரே ஆகாது."